வேலையை விடாமல் கிளினிக்கல் சைக்காலஜி படிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 37. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டு வருடமாக வணிகவியல் ஆசிரியை. எம்.காம்., பி.எட். கணவர் நூற்பாலையில் சூப்பர்வைசர், இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. போன வருடம் என் வகுப்பு மாணவி ஒருத்தி தன் கையைத் தானே கீறிக்கொள்வதைக் கண்டுபிடித்தேன். என்ன பேசுவது என்றே எனக்குத் தெரியவில்லை. இப்போதும் அவள் என்னிடம் மட்டும்தான் மனம்விட்டுப் பேசுகிறாள். கிளினிக்கல் சைக்காலஜி படித்து சைக்கோதெரபிஸ்ட் ஆக வேண்டும் என்று அன்றிலிருந்து ஒரே எண்ணம். ஆன்லைனில், சனி ஞாயிறு வகுப்போடு, இரண்டே வருடத்தில் எம்.எஸ்ஸி. கிளினிக்கல் சைக்காலஜி என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். வருடத்துக்கு எழுபதாயிரம் கட்டணம். ‘ஆர்.சி.ஐ. அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்கிறார்கள். லண்டனில் இருக்கும் என் சித்தி மகளும் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகத்தான் சைக்கோதெரபி படிக்கிறாள். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். சேரட்டுமா டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

முன்பணத்தைக் கட்டாதீர்கள். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன். அதற்கு முன் அந்த மாணவியைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் படிப்பு முடிய வருடக்கணக்காகும், அவளுக்கு உதவி இந்த வாரமே வேண்டும்.

அவள் உங்களிடம் மட்டும் பேசுகிறாள் என்பது அவளுக்குக் கிடைத்த பெரிய துணை. ஆனால் அந்தச் சுமையை நீங்கள் ஒருவர் மட்டும் தூக்கக் கூடாது. ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தால், அதை அவளிடமே பக்குவமாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்: “உன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தை என்னால தனியா வச்சுக்க முடியாதும்மா, யார்கிட்ட எப்படிச் சொல்லலாம்னு நாம சேர்ந்து முடிவு பண்ணுவோம்.” சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்பதே பல பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். வீட்டில் பேசக்கூடியவர் யார் என்று அவளிடமே கேட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். இரவு நேரத்தில் அவசரம் என்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அந்த எண்ணை உங்கள் வகுப்பறையின் கரும்பலகை ஓரத்தில் எழுதி வையுங்கள், அவளுக்காக மட்டுமல்ல.

இனி உங்கள் கேள்வி.

என்னை டாக்டர் என்று அழைத்திருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்ல, மாத்திரை எழுதிக் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. எம்.பி.பி.எஸ். முடித்து அதற்குமேல் மனநல மருத்துவம் படித்தவர் சைக்யாட்ரிஸ்ட். நான் உளவியல் படித்து, பிறகு மருத்துவமனையில் பயிற்சி எடுத்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். நோயைக் கணிக்க உதவுவது, சோதனைகள் வைப்பது, சைக்கோதெரபி என்ற பேச்சுவழிச் சிகிச்சை செய்வது என் வேலை. நீங்கள் போக நினைப்பது இந்த இரண்டாவது வழி. அதற்கு நம் நாட்டில் ஒரு வாசல்தான் இருக்கிறது. 1992ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டப்படி, அந்த மன்றம் (நீங்கள் குறிப்பிட்ட அதே ஆர்.சி.ஐ.) பராமரிக்கும் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் ஒருவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக வேலை பார்க்கலாம். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் என்ன படித்திருக்க வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் வரையறுக்கிறது. உளவியலில் முதுநிலைப் பட்டம் வேண்டும். அதற்குமேல் கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.ஃபில். வேண்டும். அந்த எம்.ஃபில்.லைச் சட்டம் எப்படி விவரிக்கிறது என்பதைக் கவனியுங்கள்: இரண்டு ஆண்டு, முழுநேரம், மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி. முழுநேரம் என்ற சொல் ஏதோ ஒரு கல்லூரி தன் வசதிக்காகப் போட்ட விதியல்ல, சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. ஆர்.சி.ஐ. அங்கீகரித்த வேறு தகுதிகளும் செல்லும் என்று அதே பிரிவு சொல்கிறது. அங்கேயும் அங்கீகாரம் என்பது கையில் இருக்க வேண்டிய ஒன்று. ‘விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்ற சொல்லுக்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை. டிரைவிங் லைசென்சுக்கு விண்ணப்பித்தவர் பஸ் ஓட்ட முடியாது அல்லவா?

ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்று தோன்றும். எனக்கும் 23 வயதில் தோன்றியது. முதுநிலை முடித்து, எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்போடு பயிற்சிக்குள் போன எனக்கு, மூன்றாவது மாதத்தில் ஒரு காலை வந்தது.

நாற்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. மூன்று மாதமாகத் தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். “யாரோ தொரத்துற மாதிரியே இருக்குங்க” என்றார். ஆறு மாதம் முன்பு மாமியார் இறந்திருக்கிறார், அதையொட்டிச் சொத்துத் தகராறு. ஒரு மணி நேரம் பேசி, துக்கத்தையும் தகராறையும் படபடப்பையும் ஒரே நூலில் கோத்து, பதற்ற நோய் என்று ஆறு பக்கம் எழுதி எடுத்துப் போனேன். என் சூப்பர்வைசர் ஃபைலைத் திறக்கவில்லை. அந்த அம்மாவை வரச் சொல்லி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னார். விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாளின் ஓரம் மெல்லப் படபடத்தது, ஃபேன் காற்றே இல்லாத அறையில். “நல்லா சாப்பிடுறீங்களா?” “முன்னைவிட நல்லாவே சாப்பிடுறேன். ஆனா ஜாக்கெட்டெல்லாம் லூசாயிருச்சு.” “வெயில் தாங்குதா?” “எங்கங்க, ஃபேனை விட்டு நகர முடியல.” தைராய்டு சோதனைக்கு எழுதச் சொல்லி மருத்துவரிடம் அனுப்பினார். சுரப்பு அளவுக்கு மேல் இருந்தது. மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் படபடப்பு தணிந்தது.

தைராய்டு மிகுந்தால் பதற்ற நோய் போலவே தெரியும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நான் அதைப் படித்துத் தேர்வில் எழுதியும் இருக்கிறேன். அந்தக் காலையில் அது என் நினைவுக்கு வரவில்லை. எதிரே ஒரு மனுஷி அழுதுகொண்டிருந்தார், அழுகைக்குக் காரணமும் கையிலேயே கிடைத்துவிட்டது, அதைத் தாண்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அன்று அந்த அறையில் என்னைவிட அனுபவம் உள்ள ஒருவர் இல்லாதிருந்தால், நான் மாதக்கணக்கில் அந்த அம்மாவின் துக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருப்பேன். அவர் இதயம் தேய்ந்துகொண்டே இருந்திருக்கும்.

ஆன்லைன் வகுப்பில் கிடைக்காதது அந்தத் தாள்தான்.

இரண்டு வருடமும் இப்படித்தான் போகும். காலையில் ஓ.பி., பிறகு வார்டு ரவுண்ட்ஸ், மதியம் சோதனைகள், மாலையில் கேஸ் பிரசன்டேஷன். வார்டில் நேற்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் இன்று காபி கேட்பார். அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரிய, நேற்றும் நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். சனிக்கிழமை மட்டும் போகிறவருக்கு அது ஒரு டம்ளர் காபிதான். எம்.ஃபில். பாடத்திட்டத்தில் முதல் வருடம் ஐந்து முழுநீள நோய்க்கணிப்பு அறிக்கைகளும், இரண்டாம் வருடம் ஐந்து சைக்கோதெரபிப் பதிவுகளும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்துதானே என்று நினைக்காதீர்கள். அந்த ஐந்து தேறுவதற்குள் எத்தனையோ பேரைப் பார்த்து, எழுதி, அடித்து, திருப்பி எழுதி, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். இன்று நிம்ஹான்ஸ் என்று அழைக்கப்படும் தேசிய மனநல நிறுவனத்தின் முன்னோடியாக பெங்களூரில் இருந்த நிறுவனத்தில் 1955இல் இந்தப் பயிற்சி தொடங்கியது. பெயரும் பாடமும் எத்தனையோ முறை மாறிவிட்டன, ஒருவர் கண்பார்வையில் நோயாளியோடு உட்கார்ந்து கற்பது மட்டும் மாறவில்லை.

சைக்கோதெரபி பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நல்ல மனசும் பொறுமையும் உள்ளவர்கள், குறிப்பாக ஆசிரியர்கள், அது ஆறுதல் சொல்லும் வேலை என்று நினைத்து வருகிறார்கள். ஓ.சி.டி. உள்ள ஒரு கல்லூரி மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள். கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டால் அழுக்கு ஒட்டிக்கொண்டது என்று முழங்கை வரை அரை மணி நேரம் கழுவுகிறான். “கை சுத்தமாத்தானே இருக்கு? ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று உங்களிடம் கேட்கிறான். ‘ஒண்ணும் ஆகாதுப்பா’ என்று சொல்லத்தான் நமக்கு வாய் வரும். சொன்னால் பத்து நிமிடம் நிம்மதி, பதினோராவது நிமிடம் திரும்பக் கேட்பான். அந்த ஆறுதலே நோய்க்குத் தீனி. சிகிச்சை என்னவென்றால், அவன் சம்மதத்தோடு, படிப்படியாக, அந்தத் தாழ்ப்பாளை அவனைத் தொட வைத்து, கழுவாமல் பக்கத்தில் உட்கார வைத்து, பயம் ஏறி ஏறித் தானே இறங்கும்வரை கூடவே இருப்பது. அவன் வியர்த்துக் கெஞ்சும்போது ஆறுதல் சொல்லாமல் அன்பாக இருக்கத் தெரிய வேண்டும். முதல்முறை அதைச் செய்தபோது என் நெஞ்சும்தான் அடித்துக்கொண்டது. ஒரு வழிக் கண்ணாடிக்குப் பின்னால் சூப்பர்வைசர் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

சரி, அந்த விளம்பரத்துக்கு வருவோம். உளவியல் உள்ளிட்ட உடல்நலத் துறைப் படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது, 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து புதிய மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்த 2021ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் உடல்நலத் தொழில்முறைகள் ஆணையச் சட்டம்தான் அதற்கு அடிப்படை. அதற்கு முன்பு தொலைநிலையில் எம்.ஏ. உளவியல் படித்தவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். என்னோடு வேலை பார்க்கும் அருமையான பள்ளி ஆலோசகர் ஒருவரும் அப்படிப் படித்தவர்தான். ஆனால் இன்று புதிதாக ஆன்லைனில் சேரச் சொல்லும் இந்தியப் பல்கலைக்கழகம் எதுவானாலும் அந்த உத்தரவை மீறித்தான் சேர்க்கிறது. பல்கலைக்கழகமே இல்லாமல் ஏதோ ஓர் அகாடமி தரும் சான்றிதழ் என்றால், உங்கள் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் ஃபிரேம் போட்டுச் சுவரில் தொங்கும், அவ்வளவுதான்.

இன்னொரு குழியும் இருக்கிறது, கவனமாக இருங்கள். கல்லூரிக்கு நேரில் போய்ப் படிக்கும் எம்.எஸ்ஸி.க்கே ‘கிளினிக்கல் சைக்காலஜி’ என்று பெயர் இருக்கும். பாடமும் நன்றாக இருக்கும், பல்கலைக்கழகமும் உண்மையானதாக இருக்கும். ஆனால் அந்தப் படிப்பு ஆர்.சி.ஐ. பட்டியலில் இல்லாவிட்டால், அதை முடித்தவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. என்னிடம் இன்டர்ன்ஷிப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது கடைசிப் பருவத்தில்தான் தெரியவருகிறது. பெற்றோர் நகையை அடகு வைத்துப் படிக்க வைத்திருப்பார்கள். அந்த முகங்களைப் பார்ப்பது வேதனையாக இருக்கிறது. பட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் மாநில வாரியாக இருக்கிறது. அந்த நிறுவனம், அந்தப் படிப்பு, அங்கீகாரம் எந்த ஆண்டுவரை என்ற மூன்றும் அதில் சேர்ந்து இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் போன்றவை அந்த வகையைச் சேர்ந்தவை.

இந்தத் துறை இப்போது ஒரு மாற்றத்தின் நடுவில் நிற்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். புதிய கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தையே எடுத்துவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கு மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை யு.ஜி.சி. விலக்குத் தந்தது. அதன் இடத்தை நிரப்ப, இளநிலையிலேயே தொடங்கும் நான்காண்டு பி.எஸ்ஸி. கிளினிக்கல் சைக்காலஜி, அதற்குமேல் எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி, சை.டி. (Psy.D.) என்ற முனைவர் பட்டம் என்று ஆர்.சி.ஐ. புதிய படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. உங்களைப் போல வணிகவியலிலிருந்து வருகிறவர்களுக்கு இது முக்கியம். இளநிலையில் உளவியல் கேட்கிறார்களா, முதுநிலை உளவியல் இருந்தால் போதுமா என்பதை நீங்கள் சேர நினைக்கும் நிறுவனத்தின் அந்த ஆண்டுக் கையேட்டை வாங்கி வரிவரியாக வாசித்துவிட்டுத்தான் முதல் ரூபாயைக் கட்ட வேண்டும். போனில் யாராவது ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்’ என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

லண்டனில் இருக்கும் உங்கள் தங்கை செய்வது சரிதான், அவரைத் தவறாக நினைக்க வேண்டாம். பிரிட்டனில் கவுன்சலிங், சைக்கோதெரபிப் பயிற்சிகள் பெரும்பாலும் பகுதிநேரமாகத்தான் நடக்கின்றன. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு மாலைகளோ வகுப்பு, வருடங்கள் நீளும். ஆனால் வகுப்போடு முடிவதில்லை. அங்குள்ள பெரிய தொழில்முறை அமைப்பான பி.ஏ.சி.பி., பயிற்சிக் காலத்திலேயே குறைந்தது 100 மணி நேரம் மேற்பார்வையோடு நேரடியாக ஆட்களைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறது. அங்கேயும் சைக்கோதெரபிஸ்ட் வேறு, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேறு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்ற பெயரைச் சட்டம் பாதுகாக்கிறது, அதற்கு மூன்றாண்டு முனைவர் பயிற்சி உண்டு. உங்கள் தங்கையிடம் ஒன்று கேளுங்கள்: இதுவரை எத்தனை பேரைப் பார்த்தாய், உன் சூப்பர்வைசர் எத்தனை முறை உன்னைத் திருத்தினார்? அவர் சொல்லும் பதில் எந்த விளம்பரத்தைவிடவும் உங்களுக்கு உபயோகப்படும்.

நம் ஊரில் சைக்கோதெரபிஸ்ட் என்ற பெயருக்கென்று தனிப் பதிவேடு இல்லாததால், இரண்டு நாள் பயிலரங்கு முடித்தவரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்கிறார். ‘ஆள் பற்றாக்குறை இருக்கிறதே, யாரோ ஒருவர் பேசினால் நல்லதுதானே’ என்று கேட்பார்கள். பற்றாக்குறை உண்மைதான். நிம்ஹான்ஸ் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான நோய்கள் உள்ளவர்களில் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. அவர்களில் ஒருவர் தயங்கித் தயங்கி முதல்முறையாகக் கதவைத் தட்டும்போது, அரைகுறைப் பயிற்சி பெற்றவர் கையில் சிக்கினால் இரண்டாவது கதவைத் தட்டவே மாட்டார். அப்படி ஐந்து வருடம் கழித்து என்னிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். “அப்பவே ஒருத்தர்கிட்ட போனேன், ஒண்ணும் ஆகல, அதான் விட்டுட்டேன்” என்பார்கள். அந்த ஐந்து வருடத்தை அவர்களுக்கு யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இவ்வளவும் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்புவது என் எண்ணமல்ல. உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். அதில் மருத்துவமனை என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. ஸ்கிசோஃப்ரீனியா வார்டு, மறதிநோய்ச் சோதனைகள், குடிநோய்ப் பிரிவு எதுவும் இல்லை. வருவது ஒரு மாணவி, ஒரு வகுப்பறை, என்ன பேசுவது என்று தெரியாமல் நின்ற ஓர் ஆசிரியை. நீங்கள் ஆக விரும்புவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா, அல்லது அந்தப் பிள்ளைக்குச் சரியாகப் பேசத் தெரிந்த ஒருவரா? இரண்டும் மதிப்புள்ள வேலை, ஆனால் போகும் வழி வேறு. என் கணிப்பில் உங்கள் மனம் இருப்பது இரண்டாவதில்.

அப்படியானால் காலம் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் பயிற்சி மையத்தில் படித்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சில வழிகாட்டுதல்களைத் தந்தது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும், குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆசிரியர்களுக்கும் பிற ஊழியர்களுக்கும் வருடத்துக்கு இரண்டு முறையாவது உளவியல் முதலுதவிப் பயிற்சி தர வேண்டும் என்பது இன்னொன்று. உங்கள் பள்ளித் தாளாளரிடம் இதை எடுத்துச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்? பள்ளிக்கே ஓர் ஆலோசகர் தேவைப்படும் நேரத்தில், பன்னிரண்டு வருடம் அதே பிள்ளைகளைப் பார்த்த ஓர் ஆசிரியை அதற்காகப் படிக்கத் தயாராக இருக்கிறார் என்றால், அரைநாள் வேலை, ஊதியமில்லா விடுப்பு போன்றவற்றைப் பேசிப் பார்க்க இடமிருக்கிறது. சில கல்லூரிகளில் முதுநிலை வகுப்புகள் மதிய ஷிஃப்டில் நடக்கின்றன. காலையில் மூன்று பீரியட் எடுத்துவிட்டு மதியம் கல்லூரிக்குப் போகும் ஏற்பாடு கஷ்டம்தான், ஆனால் நடக்காத காரியமில்லை. பள்ளியிலேயே வேலையும் இன்டர்ன்ஷிப்பும் ஒன்றுக்கொன்று உதவும்.

எந்தப் படிப்பை எடுப்பது என்றால், பெயரில் ‘உளவியல்’ தெளிவாக இருக்கும் முழுநேர எம்.எஸ்ஸி. அல்லது எம்.ஏ.வை எடுங்கள். 55 சதவீதத்துக்குக் குறையாமல் முடியுங்கள், ஏனென்றால் பிற்பாடு கிளினிக்கல் பயிற்சிக்கு விண்ணப்பிக்க நினைத்தால் அந்த மதிப்பெண் வரம்பு குறுக்கே நிற்கும். இரண்டு வருட முடிவில் மருத்துவமனைப் பக்கம் மனம் இழுத்தால், அந்த இரண்டு வருட முழுநேரப் பயிற்சியைப் பற்றி அப்போது யோசியுங்கள். பிள்ளைகளும் கொஞ்சம் வளர்ந்திருப்பார்கள். அரசு நிறுவனங்கள் சிலவற்றில் பயிற்சிக்காலத்தில் உதவித்தொகையும் உண்டு. வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். என் வகுப்பில் நாற்பதைத் தொட்ட ஓர் அக்கா இருந்தார். முதல் மாதம் எங்கள் எல்லோரையும்விட வேகம் குறைவாக இருந்தவர், நோயாளிகள் வரத் தொடங்கியதும் எங்களில் யாராலும் எட்ட முடியாத இடத்துக்குப் போய்விட்டார். வீட்டில் சாவு, கடன், பிள்ளை பரீட்சை எல்லாவற்றையும் பார்த்த மனுஷி. எதிரே இருப்பவர் “வயித்துக்குள்ள என்னவோ உருளுதும்மா” என்றால் அது வயிறில்லை என்று அவருக்கு உடனே புரியும். எங்களுக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு வருடம் ஆனது. உங்களுக்கும் அந்தக் காது இருக்கும். பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்தவர் நீங்கள்.

பகுதிநேரம் என்ற ஆசையையும் அடியோடு விட வேண்டாம். தகுதி கைக்கு வந்த பிறகு இந்தத் துறையில் கற்பது அத்தனையும் பகுதிநேரம்தான். சி.பி.டி. என்ற எண்ண–நடத்தைச் சிகிச்சை, குடும்ப சிகிச்சை, துயர ஆலோசனை என்று ஒவ்வொன்றுக்கும் வார இறுதிப் பயிற்சிகள், மாதம் இருமுறை சூப்பர்விஷன். இருபத்தைந்து வருடமாக நான் இதில் இருக்கிறேன், இன்றும் மாதம் இரண்டு வியாழக்கிழமை மாலை என் கேஸ்களை இன்னொருவரிடம் எடுத்துப் போகிறேன். எனக்குத் தெரியாமல் நான் எங்கே தடுமாறுகிறேன் என்று அவர்தான் காட்டுகிறார்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்று. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். அந்தக் குழுவினர் பள்ளிகளுக்கும் வருவார்கள். தலைமையாசிரியரின் கடிதத்தோடு போய், உங்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு நிகழ்ச்சிக்கு அழையுங்கள். அந்த மாணவியையும் அவள் வீட்டாரையும் அனுப்புவதற்கு உங்களுக்கு ஒரு முகம் பழக்கமாகும். நிகழ்ச்சி முடிந்ததும் அந்தக் குழுவின் உளவியலாளரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அவர் எங்கே படித்தார், ஒரு நாள் எப்படிப் போகிறது, எந்தக் கேஸ் அவரைத் தூங்கவிடவில்லை என்று கேளுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள், அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்பதையும் சேர்த்து.